குணம் பெற்றோர் பக்கம்

ஆவுடையப்பனுக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தெட்டு. தன்னைவிடச் சின்னவர் காலில் விழுவதில் அவருக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. கூச்சப்பட வேண்டிய காரியம் வேறொன்றைச் செய்திருந்தார். அது அவருக்கு அப்போது தெரியாது.

செஷன்ஸ் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே பனையடி மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அவருடைய குரு, மடத்தின் தலைவி உலகம்மை, ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். இப்போது ஊரில் எல்லோருக்கும் அவர் அம்மை. அதிகம் பேசமாட்டார். யாராவது பேச்சை வளர்த்தால் எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஆவுடையப்பனுக்கோ பேச்சு இல்லாவிட்டால் சோறு இறங்காது. மடத்துச் செடிகள் செழிப்பாக இருந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

மடத்தில் ஒரு கிணறு உண்டு. அந்தத் தண்ணீரில் திருநீறு போட்டு, நோய் என்று வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். குடித்தவர்களில் சிலர் குணமாயிற்று என்று கடிதம் எழுதினார்கள். மடத்து மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அதற்கென்றே இருந்தது. ‘குணம் பெற்றோர்’ என்று தலைப்பு. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் ஆவுடையப்பன்தான். கடிதங்களைத் திருத்துவார், சுருக்குவார், போட்டோ கேட்டு வாங்குவார். அச்சில் வந்தவர்களுக்கு மடத்தில் ஒரு மரியாதையும் உண்டு. பௌர்ணமி அன்னதானத்தில் முதல் அகப்பைச் சோறு அவர்கள் கையால்தான் இலையில் விழும்.

அந்த ஆடி மாதம் ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் செபவீட்டார் ஒரு பேனர் கட்டினார்கள். செபத்தினால் சுகம் பெற்றவர்கள் என்று பதினோரு பேருடைய பெயரும் நோயும் அதில் இருந்தன. ஆவுடையப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் நின்று படித்தார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

மறுநாள் நூலகத்தில் எல்லாம் புளுகு என்று சொன்னார். செபவீட்டுப் போதகர் ஜெபமணியும் அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டும் என்ன என்று அவர் கேட்டார். வார்த்தை தடித்தது. நூலகர் கெட்டிக்காரர். இங்கே நின்று சண்டை போடுவதற்குப் பதில் நூலக ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றமாக வைத்துக்கொள்ளலாமே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று அங்கேயே முடிவாயிற்று. நோய் தீர்க்கும் அருள் எங்கே இருக்கிறது, செபத்திலா தீர்த்தத்திலா என்பது தலைப்பு. இரண்டு பக்கமும் சாட்சிகளை அழைத்து வரலாம்.

ஆவுடையப்பன் நேரே மடத்துக்கு வந்தார். அம்மை அவரைக்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மை, அவங்க சொல்லுதது பொய்யின்னு எப்படி நிரூபிக்கது?”

“நம்மது மெய்யின்னு நிரூபிச்சாச்சா?”

“கடுதாசி இருக்கே. கையெழுத்தோட இருக்கு.”

“உங்க கோர்ட்டுல கடுதாசிய மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லுவாங்களா?”

“அதெப்படி? எழுதினவன கூண்டுல ஏத்திக் கேக்கணும்.”

“அப்பம் போயி கேட்டுட்டு வாங்க.”

அம்மை மறுபடியும் சணல் கயிற்றை எடுத்துக்கொண்டார். ஆவுடையப்பன் சந்தோஷமாகக் கிளம்பினார். சாட்சிகளைத் திரட்டச் சொல்லி உத்தரவு கிடைத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார்.

முதலில் மந்திரமூர்த்தியைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். வயிற்றுப் புண் ஆறியதாகப் போன வருஷம் எழுதியிருந்தவர். மனிதர் கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டே, தண்ணீர் குடித்தது உண்மை, இப்போது நன்றாக இருப்பதும் உண்மை என்றார். பெரிய டாக்டரிடம் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டதையும் எழுதியிருந்தாராம். அது அச்சில் வரவில்லை. பக்கத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம்.

ஆமாம், இடம் போதவில்லை என்று ஆவுடையப்பனும் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அதே கடிதத்தில் மடத்து மாமரத்தைப் புகழ்ந்து மூன்று வரி இருந்தது. அதற்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது என்று அவரைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. மூன்றாவதாக வடிவு வீட்டுக்குப் போனார்.

முழுப் பெயர் சுடலைவடிவு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பீடி சுற்றிப் பிழைக்கிற விதவை. ஒரே மகன் திருப்பூரில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கரையினால் காலில் வந்த புண் தீர்த்தத்தால் ஆறியதாக எழுதியிருந்தாள். அந்த மாதம் பத்திரிகை இருநூறு பிரதி கூடுதலாகப் போயிற்று. மடத்துக்கு இவளைவிட நல்ல சாட்சி கிடையாது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகு. ஆவுடையப்பனைப் பார்த்ததும் கும்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. பாயில் உட்காரச் சொன்னாள். வீட்டில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. செவ்வாய்க்கிழமைகூட இல்லையே, எதற்கு இவ்வளவு புகை என்று அவர் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வர முடியுமா என்று கேட்டார். உடனே சம்மதித்தாள்.

“வாரேன் அய்யா. ஆனா உக்காந்துதான் பேசுவேன்.”

ஏன் என்று கேட்டார். அவள் இரண்டு பீடியைச் சுற்றி முடித்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். இடது காலில் பழைய துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. புகைக்கு அடியில் இருந்த நாற்றம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கோர்ட்டில் எத்தனையோ கொலை வழக்குப் படங்களைக் கையில் எடுத்துக் கொடுத்தவர் அவர். இந்தக் காலை அவரால் பார்க்க முடியவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு மாதம் என்றாள். ஊசி போடுகிறாயா என்று கேட்டார். விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றாள்.

“ஏன் விட்ட?”

“கடுதாசில நான் ரெண்டையும் எழுதியிருந்தேன் அய்யா. அம்மை தண்ணியும் குடிக்கேன், ரெண்டு நேரம் ஊசியும் போடுதேன்னு. அச்சுல வந்தப்பம் ஊசி இல்ல. நாலு தடவ வாசிச்சுப் பாத்தேன், இல்ல.”

அவள் குரலில் குற்றம் சொல்கிற சாடையே இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

“அம்மைதான் பாத்து எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். ஊசி வேண்டாம், தண்ணி போதும்னு எனக்குச் சொல்லுதாங்கன்னு எடுத்துக்கிட்டேன். கொஞ்ச நாளு பயமாத்தான் இருந்துச்சு. பெறவு விட்டுட்டேன்.”

அந்த வரி ஆவுடையப்பனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கடிதம் அழகாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் இன்சுலின் என்று வந்தது. சிவப்பு மையால் ஒரே இழுப்பில் அடித்திருந்தார். அடித்த பிறகு கடிதம் இன்னும் அழகாக இருந்ததாக அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

இப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று ஈனக் குரலில் கேட்டார்.

“போட்டோ வந்திருக்கே அய்யா. அங்ஙன என்னப் பாத்தா, மடத்துத் தண்ணியில ஆறுன காலப் பாருன்னு சிரிப்பாங்க. எனக்கு என்னமும் ஆகட்டும். அம்மை பேரு கெடக் கூடாது.”

ஆவுடையப்பன் எழுந்தார். அந்த வயதில் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மடம் வரைக்கும் கிட்டத்தட்ட ஓடினார்.

அம்மையிடம் எதையும் மறைக்கவில்லை. அடித்தது நான்தான் என்று இரண்டு தடவை சொன்னார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விழுந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வடிவு இப்போது வீட்டில்தான் இருக்கிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மை செருப்பை மாட்டினார்.

ஆட்டோவில் போகும்போது அம்மையே பேசினார்.

“அந்தப் பக்கத்த மாசாமாசம் நானும் வாசிச்சேன். இத்தன நோயாளியில ஒருத்தர்கூட டாக்டர்ட்ட போகலையான்னு எனக்குக் கேக்கத் தோணல. வாசிக்க சந்தோஷமா இருந்துச்சு.”



வடிவு ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். அம்மையே வாசலில் வந்து நின்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டோடு கிடந்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். அம்மை அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுளகை வாங்கித் தள்ளி வைத்தார்.

“வடிவக்கா, மடத்துப் பேர நான் பாத்துக்கிடுதேன். நீங்க காலப் பாருங்க.”

பெரியாஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். காவிச் சேலையில் வந்து வரிசையில் நின்ற அம்மையைப் பார்த்து ஊர்க்காரர்கள் சிலர் எழுந்து கும்பிட்டார்கள். முன்னால் போகச் சொன்னார்கள். காலின் நிலைமையைப் பார்த்துவிட்டு நர்ஸே வந்து வடிவைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அம்மையும் ஆவுடையப்பனும் கூடவே போனார்கள்.

டாக்டர் ஒரு பெண். சீட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். இன்சுலினை ஏன் நிறுத்தினீர்கள் என்று வடிவிடம் கேட்டார்.

வடிவு ஒரு நொடி அம்மையைப் பார்த்தாள்.

“மறந்துட்டேன் டாக்டர்.”

“மறக்கல டாக்டர்,” என்றார் அம்மை. “எங்க மடத்துப் பத்திரிகைய நம்பி நிறுத்திட்டாங்க. தப்பு எங்க மேல. அப்படியே எழுதிக்கிடுங்க.”

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சற்று முன்பு கும்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஆவுடையப்பனுக்கு அவமானத்தில் காது சுட்டது. வரியை வெட்டினது அம்மை அல்ல என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் டாக்டர் எழுத ஆரம்பித்திருந்தார்.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். இப்போதைக்கு அந்த இரண்டு விரல்கள். பாதம் பிழைக்குமா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும். வியாழக்கிழமை காலையில் விரல்களை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் கடுமையாக அடித்தது. ஆவுடையப்பன் அன்று முழுக்க வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவர் இதுவரைக்கும் யாருக்காகவும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சல் இறங்கிற்று. பாதம் பிழைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தினமும் ஊசி போட வேண்டும் என்றும் மூன்று தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மை திருப்பூரிலிருந்து வந்த மகனைச் சாப்பிட அனுப்பிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஆவுடையப்பன் மடியில் ஒரு கட்டு வைத்திருந்தார். இத்தனை வருஷமாக வந்த மூலக் கடிதங்கள். கோர்ட்டுப் பழக்கம், ஒரு தாளையும் அவர் கிழித்துப் போட்டதில்லை. இரண்டு நாளாக எல்லாவற்றையும் எடுத்துப் படித்திருந்தார். சிவப்புக் கோடு இல்லாத கடிதம் அதில் ஒன்றுகூட இல்லை.

நாளைக்குப் பட்டிமன்றத்துக்கு வர முடியாது, உடம்பு சரியில்லை என்று நூலகருக்குச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார்.

“உடம்புக்கு என்ன?” என்று கேட்டார் அம்மை.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஆவுடையப்பன் ஒப்புக்கொண்டார்.

“என்னத்த அம்மை பேச?”

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வெட்டின வரிகள வாசிங்க.”

“அத மட்டுமா?”

“அத மட்டும்.”

ஆவுடையப்பன் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் வழக்கு மன்றத்தில் இருந்தவருக்கு, எந்தத் தாளை நீட்டினால் வழக்கு என்ன ஆகும் என்று தெரியாதா?

“அம்மை, அத வாசிச்சா நாம தோத்துருவோம். ஜெபமணி ஆளுங்க கைதட்டுவாங்க. ஊரே சிரிக்கும். நாளைக்குக் கெணத்துப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க.”

உள்ளே வடிவு தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அம்மை அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“வடிவக்கா ரெண்டு விரல இழந்துட்டுப் படுத்திருக்கா. நாம ஒரு பட்டிமன்றத்துல தோத்தா என்ன?”