சங்கு ஊதாத காலை

சிப்பித்துறைக்கு மேற்கே, செம்மண் தேரிமேட்டில் ஒரு மடம் இருந்தது. மடத்துக்குக் குரு உலகம்மை. எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சீடர் ஆவுடையப்பனும் அப்படித்தான். அம்மாவைவிட அவருக்குத்தான் வயது கூட. அதை அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மாவும் எடுத்துக்கொள்ளவில்லை.

பௌர்ணமிதோறும் கடலாட வரும் சனத்துக்கு மடம் கரையில் வைத்துச் சோறு போடும். போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, முந்தானையால் இலையை மூடிக்கொண்டு குனிந்து குனிந்து சாப்பிட்டாள். அதைப் பார்த்ததிலிருந்து ஆவுடையப்பனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கரையிலேயே ஒரு சாப்பாட்டு மண்டபம் கட்டியாக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மடத்துக்கு வருமுன் பாலம் கட்டும் கம்பெனியில் இருந்தவர் அவர். நிலவரம் பார்க்காமல் ஒரு கோடு கிழிக்கமாட்டார். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"நிலவரம் பாத்தாச்சு அம்மா. உத்தரவு குடுத்தா வரைபடம் போட உட்காருவேன்."

"என்ன பாத்தீங்க?"

"ஊருக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு மணல் திடல். துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு. யாரும் எதுக்கும் புழங்குறதில்ல."

"சனத்தைக் கேட்டீங்களா?"

"வீடு வீடாக் கேட்டேன். ஊர்த்தலைவர், 'அதுக்கென்ன சாமி, பேஷாக் கட்டுங்க'ன்னார். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எந்திரிச்சு, 'எங்க பாக்கியம் சாமி'ன்னார். வலை பின்னிக்கிட்டிருந்தவருக்குப் பல்லுக்கு நடுவுல நூல். 'நழக்கட்டும் ஞாமி'ன்னார்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவுடையப்பனும் சிரித்தார்.

"யாராவது முனகினாங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல."

"யாராவது சலிச்சுக்கிட்டாங்களா? ஒரு நாயாவது குரைச்சுதா?"

"நாயைக் கண்ணுலயே காணோம் அம்மா. அப்படி ஒரு அமைதியான ஊரு."

அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. வாசல் காவல்காரர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டாள்.

சுடலைமுத்துவின் வேலை, முக்கால்வாசி மீசையை முறுக்குவது, மீதிக்குச் சங்கு ஊதுவது. மடத்தைச் சேர்ந்தவர் யார் காவி கட்டி வாசல் தாண்டினாலும் சங்கு ஊத வேண்டும். அது மடத்து வழக்கம். தேரிமேட்டில் ஊதினால் சிப்பித்துறை முழுக்கக் கேட்கும்.

அம்மா சங்கை வாங்கிப் பார்த்தாள். தட்டிலிருந்த வாழைப்பழம் ஒன்றை உரித்து, சங்கின் வாயில் செருகினாள்.

சுடலைமுத்து பதறிப்போனார். "அம்மா! ஆதிகாலத்துச் சங்கு அம்மா!"

"ஆதிகாலத்துல இருந்து ஊதிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் சாப்பிடட்டும்."

பிறகு ஆவுடையப்பனிடம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில நெத்தியைக் கழுவிட்டு, காவிக்குப் பதிலா சமையல்கட்டு மாடசாமியோட கைலிச் சாரத்தைக் கட்டிக்குங்க. திடலை இன்னொரு தரம் பாத்துட்டு வாங்க."

"எதைப் பாக்க அம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? பாக்கப் போறது நீங்கதானே."

பார்த்ததையே பார்ப்பதா என்று ஆவுடையப்பனுக்கு மனத்தாங்கல். இருந்தாலும் விடிந்ததும் மாடசாமியின் கட்டம்போட்ட சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார். சங்கு ஊதவில்லை. சுடலைமுத்து கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றார்.

ஊர் வருமுன்பே வாடை வந்தது. நாய்கள் வந்தன. ஒன்று அவர் சாரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் குரைத்தது. மற்றவை காரணம் கேட்காமல் சேர்ந்துகொண்டன.

திடலைக் காணோம். மணலே தெரியாமல் வலைகளை விரித்து, மேலே நெத்திலி, சாளை, காரல் என்று பரப்பியிருந்தது. கயிறு கயிறாகக் கீறிய வாளை மீன் தொங்கியது. பிள்ளைகள் ஊடே புகுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். வழி மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தபடி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"ஏ பெரியவரே! கால எடும்! கால எடும்ங்கேன்லா!"

துடைப்பத்தோடு ஒரு பெண் ஓடி வந்தாள். சந்தனமாரி என்று பேர். அது அவருக்கு அப்போது தெரியாது.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? நெத்திலி மேல நிக்கீரே, ஒம்ம வீட்டுச் சோத்துல நான் வந்து நின்னா சும்மா இருப்பீரா?"

"மாப்பு தாயி."

"மாப்ப வச்சு நான் என்ன செய்ய? ஏவாரி அனுப்புன ஆளா நீரு? சும்மா நிக்கதுக்கு அந்தக் காக்காயயாவது வெரட்டும்."

கையில் ஒரு குச்சியைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியவர், "ஸூ... ஸூ..." என்றார். காக்காய் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துவிட்டு, ஒரு சாளையை எடுத்துக்கொண்டு போயிற்று.

"வெரட்டுதீரா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கீரா?"

பக்கத்தில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார்.

"தாயி, இந்தத் திடல் எப்பவும் காலியால்ல கெடக்கும்?"

"யாரு சொன்னா?"

"நானே பாத்திருக்கேன்."

"சங்கு ஊதுன பெறவு பாத்திருப்பீரு. மடத்துச் சாமிமாரு வார வழியில கவுச்சி கெடக்கலாமா? சத்தம் கேட்டதும் அம்புட்டையும் அள்ளிருவோம். பெருக்கி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பிள்ளையல வீட்டுல அடச்சு, நாயக் கட்டிப் போட்டுட்டுத்தான், குனிஞ்ச தல நிமிராம கும்பிட நிப்போம்."

"பாதி காஞ்ச மீன அள்ளுனா?"

"குமிச்சு வச்சா புழுங்கிரும். அன்னைக்குப் பாடு கோழிக்கு."

அவர் போன ஒவ்வொரு தடவையும் ஊரில் கோழிகள் நன்றாகத்தான் சாப்பிட்டிருந்தன.

"இங்க மண்டபம் வரப்போகுதாமே. பெறவு எங்க காயப்போடுவீங்க?"

சந்தனமாரி நிமிரவில்லை. கை மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

"எங்கயும் இல்ல. வடக்க உவர்மண்ணு, ஈரம் ஏறிரும். தெக்க பாற. எம்மவ பன்னெண்டாப்பு படிக்கா. திருப்பூருல பனியன் கம்பெனிக்கு ஆள் கேக்காவளாம். அனுப்ப வேண்டியதுதான்."

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பச்சப்பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு. அவரு கர வந்து சேரணும்னு கும்பிடுத வாயால, சாமிகிட்ட மாட்டேன்னு சொல்லச் சொல்லுதீரா?"

ஆவுடையப்பனுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தாயி, நான்தான் மடத்து ஆவுடையப்பன். வீடு வீடா வந்து கேட்டது நான்தான்."

துடைப்பம் கீழே விழுந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இத்தனை நேரம் கரையெல்லாம் கேட்ட குரல், பொட்டாகச் சுருங்கிப்போனது.

"தெரியாம ஏசிட்டேன் சாமி. மனசுல வச்சுக்கிடாதீய. மண்டபம் நல்லபடியா வரட்டும் சாமி. எங்க பாக்கியம்."

பிறகு திரும்பி, "ஏட்டி! அள்ளுங்கட்டி! சாமி வந்திருக்காவ!" என்றாள்.

"வேண்டாம்மா, வேண்டாம், காயட்டும்!" என்று அவர் கத்தினார். சாமி மரியாதைக்குச் சொல்லுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். வலைகளின் நுனியைப் பிடித்துச் சுருட்டினார்கள். யாரோ பிள்ளைகளைத் துரத்தினார்கள். யாரோ மஞ்சள் கரைக்க ஓடினார்கள். ஆவுடையப்பனின் கண்ணெதிரே, அவர் வரைபடம் போட நினைத்த வெள்ளை மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது.

அவர் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் போனால்தான் மீன் காயும்.

மடத்து வாசலில் சுடலைமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். அம்மா மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள். ஆவுடையப்பன் ஒன்று விடாமல் சொன்னார். சந்தனமாரி ஏசியதைச் சொல்லும்போது அவளைப் போலவே கையை ஆட்டினார். கடைசியில் அவள் 'எங்க பாக்கியம்' என்றதைச் சொல்லும்போது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு இது முன்னமே தெரியுமா?"

"தெரியாது. நான் போனப்பவும் அங்க வெறும் மணல்தான்."

"பின்னே எதுக்கு என்னைத் திருப்பி அனுப்புனீங்க?"

"எங்க வீட்டுல நாங்க நாலு பேரு. ஒரு நாளும் ஒரு குழம்புக்கு நாலு பேரும் ஒத்துக்கிட்டதில்ல. நீங்க வந்து ஒரு ஊரே ஒத்துக்கிட்டதுன்னு சொன்னீங்க. எனக்குப் பயம் வந்துருச்சு."

ஆவுடையப்பன் தலைகுனிந்து இருந்தார். மழையில் நனைந்த இலையும் அவர் கண்ணுக்குள் இருந்தது, பரப்பிக் கிடந்த நெத்திலியும் இருந்தது.

"அப்போ மண்டபத்துக்கு எப்ப வரைபடம் போட அம்மா?"

"இதே சாரத்தோட நாளைக்கும் போங்க. அதுக்கு மறுநாளும் போங்க. அவங்க அள்ளுனா, நீங்க திரும்பப் பரப்புங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சே அந்தப் பொண்ணு உங்களை ஏசணும். அன்னைக்கு வாங்க, உட்காருவோம்."