ஏகாம்பரம் உருட்டின உருண்டை

கொஞ்சம் காதைக் குடுங்க. கடைசியில ஒரு கேள்வி இருக்கு, தப்பிச்சு ஓட முடியாது.

மலையடிவாரத்துல ஒரு சரிவான தெரு. மேல கோயில், கீழ கடைசி வீடு ஏகாம்பரத்தோடது. பொஞ்சாதி தனபாக்கியம் செத்துப் போயி ஆறு வருஷமாச்சு. அந்த வாசப்படியை மிதிக்கிறது அவரு கால் மட்டும்தான். தபால்காரர்கூட ஜன்னல் வழியா வீசிட்டுப் போயிடுவாரு.

அந்தத் தெருவுல ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை தீபத்தன்னிக்கு யாரோட பொரி உருண்டை நல்ல உருண்டையோ, அவங்க வீட்டுலதான் தெருவே கூடி முதல் விளக்கு ஏத்தும். இந்த வருஷமாவது நாலு பேரு உள்ள வரட்டும்னு ஏகாம்பரமும் அடுப்பு மூட்டினாரு.

ஆனா பொரி உருண்டைக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் பாகு ஊத்திக் கிளறணும், ஒருத்தர் சூட்டோட உருட்டணும். மனுஷன் ரெண்டையும் தானே செஞ்சாரு. "சீக்கிரம் உருட்டுய்யா, பாகு கல்லாயிடப் போவுது!"ன்னு தனபாக்கியம் குரல்லயே தன்னைத் திட்டிக்கிட்டாரு. "உருட்டுறேன்டி, கை வேவுது!"ன்னு பதிலும் அவரே. அப்புறம் விளக்கையெல்லாம் எடுத்துத் துடைச்சு வச்சாரு.

சாயங்காலம் கோயில் வாசல்ல தெருக்காரங்க மூணு பேரோட மூணு உருண்டை. செங்கமலம் கொண்டாந்தது கிண்ணத்துல அமுக்கிக் கவுத்தது. மேல நிலா மாதிரி மொழுமொழுன்னு, அடி தட்டை. பூவராகனோடது தேங்கா அளவு பெருசு, முந்திரி வேற; பாகு இறுகாததால துணியில கட்டி வச்சிருந்தாரு. ஏகாம்பரத்தோடதுல அஞ்சு விரல் பள்ளமும் அப்படியே தெரிஞ்சுது.

"ஏண்ணே, இது உருண்டையா, அணில் கடிச்ச கொய்யாவா?"ன்னு செங்கமலம் மூக்கால சிரிச்சா.

"என்னுதை அடிச்சிக்க ஆளே இல்ல"ன்னாரு பூவராகன்.

ஏகாம்பரம் வெந்த கையை வேட்டியில மறைச்சிக்கிட்டாரு. "விளக்கெல்லாம் துடைச்சு வச்சிருக்கேன்"னாரு, அவ்வளவுதான்.

தீர்ப்பு சொல்ல வேண்டிய பூசாரி துரைக்கண்ணு தலையைச் சொறிஞ்சாரு. நீங்க சொல்லுங்க: இந்த மூணுல எது உருண்டை? தெரு யாரு வீட்டுக்குப் போவணும்?

விடை: பூசாரி மூணையும் தெருச் சரிவுல வச்சாரு. செங்கமலத்தோடது நகர மாட்டேன்னு உக்காந்துக்கிச்சு. பூவராகனோடது துணியை அவுத்ததும் பொலபொலன்னு கொட்டிடுச்சு. "உருளுறதாலதான்யா அதுக்கு உருண்டைன்னு பேரே வந்துச்சு. பாக்க அழகா இருந்தா ஆச்சா?"ன்னாரு பூசாரி. ஏகாம்பரத்தோடது நொண்டி நொண்டி உருண்டுச்சு. பின்னாலயே தெரு மொத்தமும் சிரிச்சிக்கிட்டு ஓடுச்சு. அது போயி நின்னது கடைசி வீட்டு வாசல்ல. கூப்பிட்டுப் பழக்கமே விட்டுப்போச்சா, ஏகாம்பரத்துக்குத் தன் குரல் வரலை. அவரு வாயில தனபாக்கியம் குரல்தான் வந்துச்சு: "அட, உள்ள வாங்களேன்!"