மயில் பிடி வைத்த அழுத்துமரம்

முன்னொரு காலத்தில் கன்னல்நாடு என்றொரு நாட்டை முரசதேவன் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. வெற்றிலை மென்றுவந்தார். மெல்லுகிற இடைவெளியில் ஏதாவது கட்டளை போடுவார், துப்பியதும் மறந்துவிடுவார். நாடு அப்படித்தான் பிழைத்துக் கிடந்தது.

அங்கே ஒரு வழக்கம். முதல் கரும்பை ராஜாதான் தன் கையால் பிழிய வேண்டும். சாறு கலயத்தில் விழுந்த பிறகுதான் குடியானவர்கள் வயலில் அரிவாள் வைக்கலாம். இதற்கென்றே அமைச்சர் இளவெயினி ஓர் அழுத்துமரம் செய்து வைத்திருந்தாள். உச்சியில் கொடி பறக்கும் ஒரு கம்பத்தில் ஒரு நீள மரத்தின் முனை மாட்டியிருக்கும். கம்பத்தை ஒட்டி ஒரு கல், கல்மேல் கரும்பு. மரத்தின் மறுமுனையை ராஜா பிடித்து லேசாக அழுத்துவார். 'சளக்!' சாறு கொட்டும். வாயிலிருக்கும் வெற்றிலையைக் கூட ஓரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இது பொறுக்கவில்லை மகுடேசுவரருக்கு. இவர் அரண்மனை அலங்காரத் தலைவர். திரைச்சீலைக்குக் குஞ்சம் கட்டுவது உத்தியோகம். பேச்சோ, இமயமலையையே இவர்தான் தூக்கி நட்டுவைத்தார் என்கிற மாதிரி. அதுவும் மூக்கால் பேசுவார்.

"ம்ம்மஹாப்ரபோ! ஞாலம் ஆளும் தாங்கள் ஒரு கட்டையின் கடைக்கோடியில் நிற்பதா? கொடி பறப்பது கம்பத்தில். கௌரவமான இடம் கம்பத்தடி. அங்கே கரும்பு! கேவலம், அது ஒரு புல்! புல்லுக்கு முதலிடம், ராஜாவுக்குக் கடைசி இடம். இதுதான் இந்த அம்மாள் தங்களுக்குக் கொடுக்கும் மரியாதை!"

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். "அதானே! நான் ஏன் கடைசியில் நிற்கிறேன்?"

"அரசே, கை தூரத்தில் இருந்தால்தான்..." என்று இளவெயினி ஆரம்பித்தாள்.

"பொறாமை!" என்றது மூக்கு.

"பேசாதே!" என்றார் ராஜா. துப்பினார். முடிந்தது.

புது அழுத்துமரம் வந்தது. சந்தன மரம், தங்கத் தகடு, மயில் வடிவத்தில் பிடி. பிடி கம்பத்தை ஒட்டி. கரும்பு வைக்கும் கல்லை மரத்தின் அடுத்த கோடிக்குத் தள்ளியாயிற்று. அந்த மயில் இருந்த அழகுக்கு அதையே கொஞ்சலாம். கரும்பை மட்டும் பிழிய முடியாது.

விழா நாள் வந்தது. ஊரே அரிவாளோடு காத்திருக்கிறது. ராஜா மயிலைப் பிடித்து அழுத்தினார். கரும்பு அசையவில்லை. முக்கினார். காது சிவந்தது. தலைப்பாகை மூக்குக்கு இறங்கியது. கடைசியில் மயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியே பார்த்தார். கரும்பு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சுகமாகப் படுத்திருந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மகுடேசுவரர் இரண்டடி பின்வாங்கினார். ஆனாலும் மூக்கு பின்வாங்குமா? "பிரபோ! குற்றம் கரும்பின் மேல்! இது ராஜத்துரோகக் கரும்பு! இந்த ஆண்டு விளைந்தது அத்தனையும் துரோகம்!"

"அப்படியா?" என்றார் ராஜா, மூச்சு வாங்க. "கொளுத்துங்கள் எல்லா வயலையும்!"

சேவகர்கள் பந்தங்களை ஏற்றிவிட்டார்கள். "ஐயோ சாமி, வருஷம் பூரா இதை நம்பித்தானே இருக்கோம்!" என்று குடியானவர்கள் தரையில் விழுந்தார்கள். 'அரசே, தாங்கள் நின்ற இடம் தப்பு' என்று சொன்னால் வயலுக்கு முன்னால் தன் தலை போகும் என்று இளவெயினிக்குத் தெரியும். அவள் கை கூப்பினாள்.

"சரியான தண்டனை, அரசே. ஆனால் களைத்திருக்கிறீர்கள். ஒரு தாம்பூலம் தரித்துவிட்டுக் கொளுத்தலாமே? மகுடேசுவரரே தம் கையால் பாக்கு வெட்டித் தரட்டும்."

தாம்பூலம் என்றதும் ராஜா உட்கார்ந்துவிட்டார். மகுடேசுவரர் பூரித்துப்போய்ப் பாக்குவெட்டியை எடுத்தார்.

"ஐயையோ! என்ன ஐயா இது?" என்று பதறினாள் இளவெயினி. "ராஜசேவை செய்யும் கை கடைக்கோடியிலா? பிடிகளைச் சேர்க்கும் ஆணி இருக்கும் இடமல்லவா கௌரவமான இடம்! கை அங்கே போகட்டும். பாக்கு கேவலம் ஒரு கொட்டை, அதைக் கடைசியில் வையுங்கள். நீங்கள் வகுத்த முறைதானே?"

ஊரே பார்க்கிறது. மறுக்க முடியுமா? மகுடேசுவரர் ஆணியை ஒட்டிப் பிடித்தார். பிடிகளின் நுனியில் பாக்கைக் கவ்வவைத்தார். அழுத்தினார். மூக்கு விடைத்தது, பாக்கு உடையவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு தரம். பாக்கு வழுக்கிப் பறந்து ராஜாவின் மார்புக் கவசத்தில் 'டிங்'!

"கொண்டா இங்கே, கையாலாகாதவனே!" ராஜா பாக்குவெட்டியைப் பிடுங்கினார். பாக்கு உள்ளே, கை நுனியில். 'கடக்!'

உடைந்த பாக்கை வாயருகே கொண்டுபோனவர் கையை நிறுத்தினார். பாக்குவெட்டியைப் பார்த்தார். அழுத்துமரத்தைப் பார்த்தார். மறுபடி பாக்குவெட்டி.

"அடேய் மகுடேசு..."

"ப்ரபோ?" மூக்கில் சத்தம் பாதிதான் வந்தது.

"கொடியைப் பிடுங்கி அந்தக் கோடியில் நடச் சொல்லவா, அரசே?" என்று இளவெயினி முந்திக்கொண்டாள். "ராஜா நிற்கும் இடத்துக்குக் கொடி வரட்டும். கொடியைத் தேடி ராஜா ஏன் அலைய வேண்டும்?"

ராஜாவின் முகம் மலர்ந்தது. கொடி போனது. கல் கம்பத்தடிக்கு வந்தது. ராஜா மறுகோடியில் நின்று இடது கையால் அழுத்தினார். 'சளக்!' பந்தங்களைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்துவிட்டு அரிவாளோடு ஓடியது ஊர். முதல் கலயத்தை ராஜா தான் குடிக்காமல் இளவெயினியிடம் நீட்டினார்.

"இந்த மயில்?" என்று கேட்டாள் அவள்.

"அது அங்கேயே இருக்கட்டும். நம் மகுடேசு கௌரவமான இடத்தை விட்டு நகரக் கூடாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் ராஜா அந்தக் கோடியில் சாறு பிழிவார். கம்பத்தடியில் மகுடேசுவரர் மயிலைப் பிடித்துக்கொண்டு வேர்க்க வேர்க்க அழுத்துவார். கலயத்தைத் தூக்கிக்கொண்டு போகிற குடியானவர்கள் விடுவார்களா?

"சாமி, நல்லா அழுத்துங்க! உங்களாலதான் சாறே வருது!"

"ம்ம்ம்... அழுத்திக்கொண்டுதானே இருக்கிறேன்!" என்று மூக்கு பதில் சொல்லும்.