மறுவீட்டுச் சொதி

குருவுக்கு நாற்பது வயசு. சிஷ்யருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கேட்டால் சிரிப்பீர்கள். பாளையங்கோட்டையில் செண்பகா மெஸ் அடுப்படியில் அப்படித்தான் நடந்தது.

குரு செண்பகவடிவு. கணவன் சோமு வாசலில் கல்லாவைப் பார்த்துக்கொள்வான். உள்ளே அவள் வைத்ததுதான் சட்டம். கடைப் பொடியோ பாக்கெட் மசாலாவோ அந்த அடுப்படிக்குள் நுழைய முடியாது. அன்றன்றைக்கு வறுத்து, அன்றன்றைக்கு அரைப்பது.

சிஷ்யர் கோலப்பன், சோமுவின் அண்ணன். வேலை பார்த்த நூல் மில்லை மூடியதும் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். சும்மா இருந்து தின்ன மனசு ஒப்பவில்லை. தம்பி பெண்டாட்டியிடமே போய், எனக்கும் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொடு என்று கேட்டார். ரோஷக்காரர்தான், ஆனால் உழைத்துத் தின்ன வேண்டும் என்கிற ரோஷம். அவளும் மரியாதை குறையாமல் 'அத்தான், அத்தான்' என்றே எல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

ரசம், கூட்டு, புளிக்குழம்பு எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டது. சொதியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சொதி என்றால் தேங்காய்ப்பால் குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் மறுவீட்டு விருந்தில் அதுதான் ராஜா. அது சரியில்லை என்றால் அந்தப் பேச்சு பெண்ணோடு கூடவே புகுந்த வீட்டுக்குப் போகும். பத்து வருஷம் கழித்தும் குத்திக் காட்டுவார்கள்.

பக்கத்துத் தெரு டெய்லர் உலகநாதன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வீடு சின்னது, அதனால் மறுவீட்டுச் சாப்பாட்டை மெஸ்ஸிலேயே வைத்துக்கொண்டார். கோலப்பன் விடவில்லை. இந்தத் தடவை சொதி நான் வைக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றார். செண்பகம் கொஞ்ச நேரம் யோசித்தாள். சரி, வைங்க, காலையில் தேங்காய் உடைத்துப் பால் எடுங்க என்று மட்டும் சொன்னாள்.

மனுஷன் அங்கேதான் புத்தியைக் காட்டினார். காலையில் அத்தனை தேங்காயையும் திருவினால் தோள்பட்டை கழன்று போகும், முந்தின நாளே முடித்தால் என்ன என்று யாருக்கும் தெரியாமல் சாயங்காலமே திருவிப் பால் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தார். ராத்திரி கரண்ட் போய் விடியக்காலையில்தான் வந்தது. திறந்து பார்த்தால் லேசாக ஒரு புளிச்ச வாடை. இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது, கடையில் தேங்காயும் இருந்தது. முதல் தடவையே இப்படியா என்று நினைப்பாளே! அந்த வெட்கம்தான் வாயைக் கட்டியது. இஞ்சிச் சாற்றைக் கூடுதலாக ஊற்றினார், எலுமிச்சம்பழத்தையும் கூடுதலாகப் பிழிந்தார், கொத்தமல்லியை அள்ளிப் போட்டு மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

காலை முழுக்க அடுப்படியை அவரிடம் விட்டிருந்த செண்பகம் உச்சி வேளைக்கு உள்ளே வந்தாள். சொதிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

"எல்லாம் சரியா இருக்கா அத்தான்?"

"நல்லா வந்திருக்கு."

"அப்ப எனக்கு ஒரு இலை போடுங்க."

கடைசிப் பந்தி எழுந்து போகாமல் அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்குத் திக்கென்றது. ஆனாலும் இலையைப் போட்டுச் சோறு வைத்தார், இஞ்சித் துவையல் வைத்தார், சொதியை ஊற்றினார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். முகம் மாறவில்லை. மென்றாள், விழுங்கினாள், அடுத்த வாயைப் பிசைந்தாள்.

அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. உப்பு ஒரு கல் கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு. கெட்டிருந்தால் விழுங்குவாளா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினார்.

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம். மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். உலகநாதன் எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டு, சிரிப்பே வராத பேச்சுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது உள்ளே வரை கேட்டது. சோமு எட்டிப் பார்த்து இலை போடலாமா என்று கேட்டான். பொறுக்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். மறுபடியும் சொதி கேட்டாள்.

கோலப்பனுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகிவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து கரண்டியால் ஊற்றினார்.

அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து, கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க அத்தான்."

அப்பாடா, பந்திக்குத்தான் என்று அவர் பிடித்துத் தூக்கினார். அவள் பந்திப் பக்கம் திரும்பவில்லை. கொல்லைக் கதவை முழங்கையால் தள்ளினாள். இரண்டு பேருமாகச் சாய்க்க, சொதி முழுக்கச் சாக்கடையில் வெள்ளையாக ஓடியது.

நேரே பந்திக்குப் போனாள். சொதி கெட்டுவிட்டது, தப்பு அடுப்படியில்தான், புதுசாக வைக்கிறேன், ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று கையைக் கூப்பினாள். யார் கை வைத்த சொதி என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா தோள் துண்டை உதறிப் போட்டார்.

"பொண்ணைக் குடுத்த லட்சணம் மறுவீட்டுலேயே தெரியுதே" என்றார்.

உலகநாதன் முகம் சுருங்கிப்போனது. புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற கோலப்பனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"அவுக மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள் செண்பகம். "பேசுறதை எங்களைப் பேசுங்க."

கடையிலிருந்து தேங்காய் வந்தது. சோமு உடைத்துக் கொடுக்க, மற்ற இரண்டு பேரும் திருவினார்கள். கோலப்பன் விரலில் திருவலகு கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் திருவினார். சொதியை அவள்தான் வைத்தாள். இலை போடும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. பெரியப்பா உர்ரென்றுதான் சாப்பிட்டார். சொதி இரண்டாம் தடவை வந்தபோது மட்டும் இலையில் விரலை ஊன்றி இங்கே ஊற்று என்று காட்டினார். வேனில் ஏறும்போது, வாரேன் சம்பந்தி என்று உலகநாதனிடம் ஒரு வார்த்தை சொன்னார். உலகநாதன் வேன் திரும்புகிற வரைக்கும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு செண்பகத்தைக் காணவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போயிருந்தது. சோமு கொடுத்த சுக்குக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள். கோலப்பன் எதிரே போய் நின்றார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"பால் நேத்துச் சாயங்காலம் எடுத்தது செண்பகம்."

"தெரியும் அத்தான்."

"எப்பத் தெரியும்?"

"மூடியைத் திறந்தப்பவே."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெரிஞ்சுகிட்டா அம்புட்டையும் சாப்பிட்ட? கேட்டுக் கேட்டு வாங்கி?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொல்லுறதுக்கு நேரம் வேணும்லா அத்தான். அதான் மெதுவாச் சாப்பிட்டேன்."