மரத்தில் ஏறிய நாய்க்காரி

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கதைக்காக அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைக்குக் காது இருந்த காலத்தில், ஏழுகுன்றபுரி என்று ஒரு ராஜ்ஜியம். அதற்கு மணிபாகு என்று ஒரு ராஜா. அவருக்கு ஒரே ஒரு ஆசை. காட்டுச் சிறுத்தை மேல் நாய்களை ஏவி விட வேண்டும். நாய்கள் துரத்தும், சிறுத்தை ஓடும். ஓடி ஓடி, மூச்சு முட்டி, ஏதாவது ஒரு மரத்தில் ஏறி நிற்கும். ராஜா யானை மேல் சாவகாசமாக வந்து அம்பு விடுவார். "பாத்தீங்களா என் வீரத்தை!" என்பார். ஊரே கை தட்டும்.

அந்த நாய்களை வளர்த்தவள் நஞ்சக்கா. செவலை, கரியன், சுட்டி என்று மூன்று நாய்கள். மூன்றுக்கும் கையால் சோறு பிசைந்து வைப்பாள். வீட்டில் அவளுக்கு ஒரு கைக்குழந்தை, பேர் செல்லக்கிளி.

வேட்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தின இரண்டு நாள் நாய்களுக்குச் சோறு கிடையாது. பசித்த நாய்தான் விடாமல் துரத்துமாம். அந்த இரண்டு நாளும் நஞ்சக்கா சோற்றுச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாய்கள் பக்கம் பார்க்காமல் நடப்பாள்.

ஒரு தடவை பசி தாங்காமல் நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ராஜாவின் ஆட்டுப்பட்டியில் புகுந்துவிட்டன. மூன்று குட்டிகளைத் தின்றுவிட்டன. விடிந்ததும் நஞ்சக்கா பார்த்தாள். மூன்று வாயிலும் ரத்தம். அவசர அவசரமாக முந்தானையால் துடைத்தாள்.

ராஜா வந்தார்.

"என் குட்டிகளைத் தின்னது யாரு?"

உண்மையைச் சொன்னால் நாய்களைக் கொன்றுவிடுவார், அவள் பிழைப்பும் போய்விடும்.

"சிறுத்தைங்க, மகாராசா."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன், மகாராசா."

"அப்படியா? காட்டுல ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது. நாய்களை அவுத்து விடு!"

அவிழ்த்து விட்டாள்.

காட்டில் ஒரு தாய்ச் சிறுத்தை, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. மூன்று மலை தாண்டியது, மூன்று ஓடை தாண்டியது. மூச்சு வாங்கும்போது குட்டி வாயிலிருந்து நழுவி விழுந்தது. சேவகர்கள் அதைத் தூக்கிக் கூண்டில் போட்டார்கள். நாய்கள் சூழ்ந்துகொள்ள, தாய் ஒரு வேங்கை மரத்தில் ஏறியது. ஊர் கை தட்டியது. ராஜா வில்லை எடுத்தார்.

அப்போது சிறுத்தை பேசியது. அது நஞ்சக்கா காதுக்கு மட்டும்தான் கேட்டது.

"ரத்தம் துடைச்சவளே, பிள்ளை பெத்தவளே, நான் ஓடின ஓட்டத்தை நீயும் ஓடு. உண்மை உன் வாயில வர்ற வரைக்கும் ஓடு!"

சொல்லிவிட்டு யானைத் தலைக்கு மேலே ஒரே தாவு. போயே போய்விட்டது. அம்பு மரத்தில் குத்தி நின்றது.

நஞ்சக்கா வீட்டுக்கு வந்து தொட்டில் பக்கம் குனிந்தாள். வாசலில் நாய்கள் உறுமின. அவள் மேல் சிறுத்தை வாசம்! ஆற்றில் குளித்தாள், போகவில்லை. மஞ்சள் பூசினாள், போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், போகவே இல்லை. பிள்ளையைத் தூக்கினால் பிள்ளை மேலும் அந்த வாசம் ஒட்டும், நாய்கள் பிள்ளையைக் குதறிவிடும். பிள்ளையோ பசியில் கத்துகிறது. இவளுக்குப் பால் கட்டி வலிக்கிறது. தொட முடியவில்லை.

நாய்கள் பாய்ந்தன. ஓடினாள். வயல் வழியே ஓடினாள், தெரு வழியே ஓடினாள்.

"மாராயக்கா, கதவைத் திறங்க!"

"உன் நாய்தானேடி! நில்லுன்னு சொல்லு, நிக்கும்!" என்று பக்கத்து வீட்டு மாராயக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

காட்டுக்குள் ஓடி அதே வேங்கை மரத்தில் ஏறினாள். பின்னாலேயே ஊர் வந்தது. ராஜா யானை மேல் வந்தார், பின்னால் சேவகர்கள் சிறுத்தைக் குட்டியின் கூண்டைத் தூக்கி வந்தார்கள். மாராயக்கா கூட, அழுது அழுது தொண்டை கட்டிப்போன செல்லக்கிளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன நஞ்சக்கா, காய் பறிக்கிறியா?"

"எல்லாம் சரி, வாலை எங்கடி காணோம்?"

சிரித்தார்கள். மரத்து மேலிருந்து பார்த்தால் நாய்களின் பல்லும் தெரிந்தது, மனிதர்களின் பல்லும் தெரிந்தது. சிறுத்தைக்கும் இப்படித்தானே தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அவளுக்கு உடம்பு கூசியது.

"மகாராசா, நாய்களைப் பட்டினி போட்டவ நான்!"

செவலை குரைப்பதை நிறுத்தியது.

"ஆட்டுக்குட்டிங்களைத் தின்னது என் நாய்ங்க. சிறுத்தை இல்ல. நான் பொய் சொன்னேன்."

கரியன் நிறுத்தியது.

மூன்றாவதைச் சொல்லும் முன் கீழே பிள்ளையைப் பார்த்தாள்.

"அது குட்டியைக் கவ்விக்கிட்டு ஓடினதை நான் பாத்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா நாய் நின்னிருக்கும். குடுக்கல. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன்."

சுட்டி வாலை இடுக்கிக்கொண்டு படுத்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ராஜா மட்டும், "அதனால என்ன? நாளைக்கும் வேட்டை உண்டு!" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, மூன்று நாய்களும் மூக்கைத் தூக்கின. அந்தச் சிறுத்தை வாசம் இப்போது ராஜா மேல் அடித்தது! ராஜாவைப் பார்த்து உறுமின. யானை மிரண்டு உதற, ராஜா தாவி எதிர் மரத்தில் தொங்கினார். கிரீடம் கீழே உருண்டது.

"ஏ நஞ்சக்கா, கூப்பிடு உன் நாய்களை!"

"நான் கூப்பிட்டா வராது, மகாராசா. உங்களுக்கு எது வெக்கமோ, அதைச் சொல்லணும்."

ராஜா முணுமுணுத்தார்.

"சத்தமா, மகாராசா!"

"ஓடுற சிறுத்தையை நான் எய்ததே இல்ல! ஓடிக் களைச்சு மரத்துல நிக்கிறதைத்தான் எய்தேன்! அது வீரமே இல்ல! போதுமா? கூண்டைத் திறங்க! இனிமே ஒரு நாயும் காட்டுக்குள்ள போகக் கூடாது!"

நாய்கள் அடங்கின. கூண்டு திறந்தது. புதருக்குள்ளிருந்து தாய்ச் சிறுத்தை வந்து, குட்டியைக் கவ்விக்கொண்டு, ஓடாமல் நடந்து போனது.

அன்றிலிருந்து நாய்கள் ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருந்தன, தினமும் வயிறாரச் சாப்பிட்டன. அன்றைக்கு மரத்தை விட்டு இறங்கியபோதே நஞ்சக்கா மேல் இருந்த வாசம் போய்விட்டது; மரத்தடியிலேயே உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நாய்கள் வந்து அவள் காலை நக்கின. ஒன்றுமே நடக்காத மாதிரி நக்கின. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதை முடிந்தது. இதை ஏன் சொன்னேன் என்றால், போன தை மாதம் எங்கள் கரும்புக்காட்டில் ஒரு நரி வந்தது. வயிற்றில் குட்டியோடு இருந்த நரி. அவிழ்த்து விடு, அவிழ்த்து விடு என்று எல்லோரும் கத்தினார்கள். எங்கள் வீட்டு நாயின் கயிறு என் கையில்தான் இருந்தது.

"ஏ புள்ள, பாப்பா முழிச்சிருச்சு பாரு!" உள்ளேயிருந்து மாமியார் கூப்பிடுகிறார்.

இதோ வரேங்க அத்தே. அந்தக் கயிற்றை நான்தான் கையிலிருந்து விட்டேன்.