சாடிக்கு வைத்த முத்திரை

சேந்தன் மகாராஜாவுக்குத் திடீரென்று அரண்மனை அலுத்துப்போயிற்று. கப்பலேறித் தீவு தீவாகச் சுற்றிவரலாம் என்று கிளம்பிவிட்டார். ராஜா கிளம்பினால் சபை சும்மா இருக்குமா? பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்கள். அவர்களில் நக்கனும் ஒருவன்.

சபையில் நக்கனுக்கு வேலை ராஜாவைச் சிரிக்கவைப்பது. வீட்டில் அவனாக இழுத்துப்போட்டுக்கொண்ட வேலை அரிசிக் கள் போடுவது. விற்கவெல்லாம் இல்லை, வெறும் ஆசைக்குத்தான். எந்த அரிசி, எவ்வளவு முளைகட்டிய நெல், எந்தப் பதத்தில் இறக்குவது என்று பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்த பிறகும் நிறுத்தமாட்டான்.

கப்பலில் உணவுக்கும் பானத்துக்கும் அதிகாரி வில்லவராயர். முதல் நாள் மாலை எல்லோருக்கும் அவரே கள் ஊற்றினார். நக்கன் முகர்ந்து பார்த்தான். ஒரு மிடறு குடித்தான். கடலைப் பார்த்தான்.

"எப்படி இருக்கிறது?" என்றார் ராயர்.

"தாகத்துக்கு ரொம்ப நல்லது, ராயரே. கள் எப்போது வரும்?"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ராயருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து நக்கன் இருக்கும் பக்கமெல்லாம் அவர் மூக்கும் போயிற்று.

மூக்கு வீண்போகவில்லை. நக்கன் படுக்கும் அறையில், துணிமணிகளுக்குப் பின்னால், ஒரு பெரிய மண்சாடி. வாயில் மெல்லிய துணி கட்டியிருந்தது. காதை வைத்தால் உள்ளே குசுகுசுவென்று சத்தம். வீட்டிலிருந்து கூழும் முளைநெல் மாவும் பழைய சாடியின் அடிமண்டியும் கொண்டுவந்து, கப்பலிலேயே கலந்துவைத்திருந்தான் நக்கன். அலையாட்டத்தில் அது இன்னும் உற்சாகமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலைதான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "ஆகா, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும்" என்று தனக்குத்தானே பூரித்திருந்தான்.

சாடியைத் தூக்கிக்கொண்டுபோய் ராஜா முன்னால் வைத்தார் ராயர்.

"அரசே, என் கணக்கில் வராத ஒரு பொருளும் கப்பலில் வாய்க்குள் போகக்கூடாது. அது தாங்கள் போட்ட கட்டளை."

ராஜாவுக்கும் அந்த வாசனை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கட்டளை அவருடையதாயிற்றே. "என்ன செய்யலாம், சொல்லும்" என்றார்.

"இறுக்கி மூடி, அரக்கு வைத்து, தங்கள் முத்திரையைப் போட்டுவிடலாம். முத்திரையை உடைத்தவர் யாராக இருந்தாலும் வழியில் வரும் தீவில் இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். சாடி நக்கன் அறையிலேயே இருக்கட்டும். அவனுடைய பொருள்தானே?"

நக்கன் பதறி முன்னால் வந்தான். வழியில் வருவது நண்டுத் தீவு. அங்கே மனிதரே கிடையாது.

"அரசே, அது உள்ளே பொங்கிக்கொண்டிருக்கிற சரக்கு. மூச்சு விட வழி வேண்டும். அதற்காகத்தான் வெறும் துணி கட்டியிருக்கிறேன். இறுக்கி மூடினால் சும்மா இருக்காது."

"கேட்டீர்களா அரசே? இப்போதே உடைப்பதற்குக் காரணம் தயார் செய்கிறான்" என்றார் ராயர். "கள்ளாவது, மூச்சு விடுவதாவது."

ராஜாவும் நம்பவில்லை. சாடியின் வாயில் மரக்கட்டையை அடித்து இறக்கி, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரையும் போட்டார்கள். நக்கன் தலையைச் சொறிந்தான். பிறகு கைகூப்பினான்.

"அப்படியே ஆகட்டும். ஆனால் அரசே, நான் ஆசை பிடித்தவன். சாடி என் கண்ணெதிரே இருந்தால் கை துறுதுறுக்கும். கணக்கில் வராததைத் தொடாத உத்தமர் ஒருவர் கட்டிலுக்கடியில் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு."

"நியாயம்தான்" என்றார் ராஜா. "ராயரே, நீரே வைத்துக்கொள்ளும்."

மறுக்க ராயருக்கு ஒரு வழியும் இல்லை. சாடியைத் தன் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெயில் ஏறியது. கப்பல் பலகையெல்லாம் அடுப்பாகக் கொதித்தது. நண்டுத் தீவு கண்ணுக்குத் தெரிந்த ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து ராயர் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு படுத்தார். நக்கன் மேல்தளத்தில் ராஜாவோடு சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தான்.

டமார் என்று ஒரு சத்தம். காவலர்கள் ஓடினார்கள். கதவு திறந்தது. ராயர் வந்தார். தலையில் கூழ், தாடியில் உமி, காதோரத்தில் அரக்குத் துண்டு. வேட்டியிலிருந்து கள் சொட்டிக்கொண்டே வந்தது. கப்பல் முழுவதும் கமகமவென்று மணம் பரவியது. ராஜா தன்னையறியாமல் எச்சில் விழுங்கினார்.

"அரசே, முத்திரையை இந்த நக்கன் உடைத்துவிட்டான்."

"அவன் என் எதிரே அல்லவா உட்கார்ந்திருக்கிறான்? அறைக்குள் இருந்தது நீர் ஒருவர்தான். தாழ் போட்டதும் நீர்தான். அப்படியானால் உடைத்தது யார்?"

ராயர் தீவைப் பார்த்தார்.

"சத்தியமாக நான் இல்லை, அரசே. அதுவே உடைத்துக்கொண்டது. உள்ளே பொங்கி, மூச்சு முட்டி..."

"அரசே, ராயர் சொல்வது அத்தனையும் உண்மை" என்றான் நக்கன். "அவர் மேல் குற்றமே இல்லை. முத்திரையை உடைத்தது கள்."

ராயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நக்கனை நன்றியோடு பார்த்தார்.

"சரி, உடைத்தது யாராக இருந்தாலும் தீவில் இறக்கிவிட வேண்டும் என்பது ராயர் கேட்டு வாங்கிய தீர்ப்பு" என்றார் ராஜா. "கள்ளை இறக்கிவிடுங்கள்."

"இறக்கிவிடலாம் அரசே. ஒரே ஒரு சிக்கல்" என்றான் நக்கன் பணிவாக. "கள் இப்போது முழுக்க ராயர் மேல் இருக்கிறது."

ராஜா சிரித்த சிரிப்பில் சொக்கட்டான் காய்கள் உருண்டன. படகு இறங்கியது. ராயரைத் தீவுக்குக் கொண்டுபோய், சுனையில் முக்கி முக்கி எடுத்து, வாடை போன பிறகு திரும்ப ஏற்றினார்கள்.

"நக்கா, என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"இன்னொரு சாடி போட அனுமதி, அரசே. துணி மட்டும் கட்டி."

"போடு. முதல் கிண்ணம் எனக்கு."

"மன்னிக்க வேண்டும் அரசே, முதல் கிண்ணம் ராயருக்குத்தான். பாவம், உடம்பெல்லாம் குடித்துவிட்டார். வாய் மட்டும் பாக்கி."