புதுச் செயினும் இருபது லிட்டர் தண்ணீரும்

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. பாலத்தடி சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, டீ விற்கும் சேர்மராஜ் சொன்னது. அங்கேயே உட்கார்ந்திருந்த கோமதிநாயகம், "அவன் பாதியை விட்டுட்டான்" என்று மீதியைச் சொன்னார். இருவர் சொன்னதும் ஒத்துவராத இடங்களில் கோமதிநாயகம் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அடிபட்டது அவருக்குத்தான்.

கோமதிநாயகம் பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ரயில்வே மேம்பாலத்தின் அடியில் கடை வைத்திருக்கும் இசக்கித்தாயிடம் போய், தொழில் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. இசக்கித்தாய்க்கு முப்பத்தாறு.

"மில்லுல நீங்க பாக்காத மெஷினா அண்ணாச்சி?"

"மெஷின் நின்ன இடத்துல நிக்கும். சைக்கிள் ஓடுதே."

இசக்கித்தாய்க்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து கோமதிநாயகம் அவரை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார். முதலில் கொஞ்சம் கேலியாக. பிறகு அப்படியே வாய்க்குப் பழகிவிட்டது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேர் செய்த வண்டியை அப்படியே கொடுப்பதில்லை. வண்டிக்காரர் எப்போதும் எவ்வளவு பாரம் ஏற்றுவாரோ அவ்வளவு ஏற்றி, பாலத்தில் ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். கீரைக்காரி வண்டி என்றால் ஈரச் சாக்கு. இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவர் வண்டி என்றால் இரண்டு மணல் மூட்டை. நான்கு மாதமாக எல்லா வண்டியையும் இசக்கித்தாயே ஓட்டினார். கோமதிநாயகத்தை விடவில்லை.

கோமதிநாயகத்துக்கு இது ஊருக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரிதான் தெரிந்தது. மில்லில் அவர் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் எந்த பேரிங் முனகுகிறது என்று சரியாகச் சொல்வார். அந்த ஸ்க்ரூடிரைவரை இங்கேயும் கொண்டுவந்திருந்தார்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அவர் மனைவியும் கொஞ்ச நாளாக, "டிவியை ஏன் தெருவுக்கே கேக்குற மாதிரி வைக்கீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வாத்தியாரம்மா தன்னிடம் வண்டியை விடுவதில்லையோ என்று அவருக்குத் தோன்றும்.

ஒரு நாள் மதியம் கேட்டேவிட்டார்.

"வாத்தியாரம்மா, எப்பத்தான் என் கையால ஒரு வண்டியைக் குடுக்க விடுவீங்க?"

"சத்தம் எங்கருந்து வருதுன்னு என்னைக்குச் சரியா சொல்றீங்களோ, அன்னைக்கு."

"அது எனக்குக் கைவந்த வேலை ஆச்சே."

இசக்கித்தாய் சிரித்துவிட்டு, பேரிங்கில் போடும் பால்ஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் போன சிறிது நேரத்தில் சேர்மராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் இருபது லிட்டர் டீ டிரம், காலியாக.

"என்ன அண்ணாச்சி, இன்னும் ஒண்ணாங்கிளாஸ்தானா? உங்க வாத்தியாரு பாஸ் போடலியா?"

"வண்டிக்கு என்னய்யா?"

"மிதிச்சா டக்கு டக்குன்னு அடிக்கி. நாலு மணிக்கு ஷிப்டு விடுவான். அதுக்குள்ள டீயை நிரப்பிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கணும். விட்டா இன்னைக்கு யாவாரம் போச்சு."

கோமதிநாயகம் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். செயின் கரகரத்தது. இழுத்துப் பார்த்தார், தொங்கியது. துரு ஏறி, எண்ணெய் கண்டு பல நாள் ஆகியிருந்தது.

"செயின்தான்" என்றார். சொல்லும்போது குரலே ஒரு படி ஏறிவிட்டது.

பழைய செயினைக் கழற்றிப் புதியதைப் போட்டார். எண்ணெய் விட்டுச் சுற்றினார். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்க்ரூடிரைவரில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நொடி, கேட்காதது வண்டியா தன் காதா என்று சந்தேகம் வந்தது. சேர்மராஜையும் கேட்கச் சொன்னார்.

"சுத்தமா இல்ல அண்ணாச்சி."

அப்போது இசக்கித்தாய் திரும்பி வந்தார். ஸ்டாண்டில் ஓடிய சக்கரத்தையும், தரையில் கிடந்த பழைய செயினையும் பார்த்தார்.

"கேளுங்க வாத்தியாரம்மா. ஏதாவது சத்தம் வருதா?"

இசக்கித்தாய் குனிந்து கேட்டார். "இல்ல."

"குடுத்துரலாமா?"

"யாரு ஓட்டிப் பாத்தா?"

கோமதிநாயகம் பெடலைச் சுற்றுவதை நிறுத்தினார். இசக்கித்தாய் டிரம்மைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்பி, கேரியரில் வைத்துக் கட்டினார்.

"நீங்களே ஏறுங்க அண்ணாச்சி. ஓரமாப் போங்க. நான் பின்னாலயே வாரேன்."

நான்கு மாதத்தில் முதல் தடவை. கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

பத்தடி போவதற்குள் அவர் முகம் மாறியது. இடது கால் அழுத்தும்போதெல்லாம் காலடியில் டக் என்றது. சேர்மராஜ் சொன்ன அதே சத்தம். காது கேட்பதற்கு முன்பே கால் கேட்டுவிட்டது.

திரும்பிவிடலாமா என்று நினைத்தார். பின்னால் இசக்கித்தாய் கேரியரில் ஒரு கையை வைத்தபடி வந்துகொண்டிருந்தார். ஏற்றம் தொடங்கியது. உட்கார்ந்து மிதித்தால் வண்டி நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தார்.

செயின் பல்லைத் தாண்டி வழுக்கியது. பெடல் சட்டென்று காலடியை விட்டு இறங்கியது. முழங்கால் ஹேண்டில்பாரில் மோதியது. வண்டி சாய்ந்தது. இசக்கித்தாய் கேரியரை இறுக்கிப் பிடித்ததால் விழவில்லை. டிரம்மின் மூடி திறந்து, பாதித் தண்ணீர் கோமதிநாயகத்தின் முதுகிலும் தொடையிலும் கொட்டியது.

கோமதிநாயகம் நனைந்த வேட்டியோடு அப்படியே நின்றார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. கீழே, பாலத்தடியில், சேர்மராஜ் தன் அடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆவி மேலே வரைக்கும் தெரிந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். 

"புதுச் செயின் வழுக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றார் கோமதிநாயகம்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஏத்திவிட்டீங்க?"

"அதான் பின்னால வந்தேன்."

கடையில் இசக்கித்தாய் பழைய செயினை எடுத்து, பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் பல்சக்கரமான ஃப்ரீவீல் மேல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு கண்ணியும் பல்லுக்கு இடையில் அடங்கி உட்கார்ந்தது. புதுச் செயினை இழுத்துப் பிடித்துக் காட்டினார். அது பல்லின் தோள் மேல் ஏறி நின்றது. பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து பூனை நகம்போல இருந்தன.

"பழசு நீள நீள, பல்லும் அதுக்குத் தக்கன தேஞ்சிருக்கு. புதுசுக்கு இதுல உக்கார இடமில்ல."

"அப்போ அந்த டக்கு?"

"எப்பக் கேட்டது?"

"இடது காலை அழுத்துறப்ப."

"மிதிக்காம விட்டப்ப?"

"இல்ல."

"சீட்டை விட்டு எந்திரிச்சப்ப?"

"அப்பவும் வந்தது. கூடவே வந்தது."

"ஒரு சுத்துக்கு எத்தன தடவை?"

"ஒண்ணே ஒண்ணு." சொல்லிவிட்டுக் கோமதிநாயகம் குனிந்தார். இடது பக்கத்துப் பெடல் தண்டைப் பிடித்து ஆட்டினார். கையால் ஆட்டினால் அசையவில்லை. எழுந்து காலால் அழுத்தினார். மயிரிழை அசைந்தது. தண்டை அச்சோடு பூட்டும் காட்டர் பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

"இதுதான்" என்றார். இந்தத் தடவை குரல் ஏறவில்லை.

இசக்கித்தாய் தலையசைத்தார். பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தின் பற்களையும் விரலால் தடவிப் பார்த்து, "இது இன்னும் தாங்கும்" என்றார்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. சேர்மராஜ் அடுப்பிலிருந்தே குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, பாஸா ஃபெயிலா? எனக்கு நாலு மணி!"

"வாயை மூடிட்டு டீயைப் பாருய்யா."

கோமதிநாயகம் புது ஃப்ரீவீல் போட்டார். காட்டர் பின்னை மாற்றி அடித்து இறுக்கினார். டிரம்மில் மறுபடியும் தண்ணீரை நிரப்பி அவரே கட்டினார். இசக்கித்தாய் எழுந்து வந்தார்.

"நீங்க வர வேண்டாம்" என்றார் கோமதிநாயகம். முழங்கால் வீங்கியிருந்தது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். ஓரிடத்தில் வேண்டுமென்றே இரண்டு மிதி ஓங்கி மிதித்தார். பாலத்தைத் தாண்டி, திரும்பி வந்து இறங்கினார். சத்தமில்லை. டிரம்மில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"நீங்களே குடுங்க" என்றார் இசக்கித்தாய்.

கோமதிநாயகம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டிரம்மைத் துடைத்து, வண்டியைச் சேர்மராஜிடம் கொடுத்தார். டீ நிரம்பிய டிரம்மோடு சேர்மராஜ் பாலத்தில் ஏறுவதை, உச்சியில் தலை மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"வாத்தியாரம்மா, மறைக்காமச் சொல்லுங்க. ஸ்டாண்டுல அத்தன தடவை கேட்டேன். ஒரு டக்குகூடக் கேக்கல. எனக்குக் காது போயிருச்சா?"

இசக்கித்தாய் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார்.

"உங்க காதுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நானும்தான் குனிஞ்சு கேட்டேன், எனக்கும் கேக்கல. ஸ்டாண்டுல நிக்கிற வண்டியைச் சேர்மராஜ் அண்ணன் ஏறி மிதிக்கலையே."

கோமதிநாயகம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மற்ற சாமான்களோடு பெட்டியில் போட்டார்.

அந்தப் பழைய செயின் இன்றும் கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. கேட்டு வாங்கி அளந்து பார்த்தேன். புதுச் செயினில் பன்னிரண்டு அங்குலம் வரும் கண்ணிகள் அதில் பன்னிரண்டே அரைக்கால் அங்குலம் வந்தன; எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான் கூடுதல். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோல் இல்லாமல் பார்த்தபோது எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.